ஒன்பது அடி ஆழத்தில் ஒரு கரட்

நாலாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் கூடிக் கடலின் அடியை ஆராய்ந்த உலகின் முதலாவது சபை, இலங்கை மலையகத்தில் வட்டகொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில்தான் கூடியது. ஆண்டு 2003, மாசி மாதம். அதற்குச் செயலாளராக இருந்த பேறு இரண்டாம் கிளாக்கரான எனக்குக் கிடைத்தது. இன்றும் அதைத் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்கிறேன்.

சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்திருந்த காலம். தோட்ட நிர்வாகியான எங்கள் பெரிய துரை லக்ஸ்மன் ஒரு சஞ்சிகையில் படம் பார்த்துவிட்டார். முகக்கண்ணாடி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் வெதுவெதுப்பான கடலுக்குள் மூழ்கி, சிங்க இறாலும் கையுமாக எழும்பிச் சிரிக்கிறார். விற்க அல்ல, பசிக்கும் அல்ல, 'பொழுதுபோக்கு'. துரைக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. சித்திரைக் கடைசியில் திருகோணமலைப் பக்கம் போய்ச் சிங்க இறால் பிடிப்பதென்று முடிவாகி, நீரில் மூழ்கிப் பழகவென்று 'சுழியோட்டத் திட்டக்குழு' அமைந்தது. தலைவர் துரை. கடல் ஆலோசகர் பெரிய கிளாக்கர் ஜெயரத்தினம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர் என்பதே தகுதி.

"சேர், எங்கட வீட்டுக்குக் கடல் கூப்பிடு தூரம்," என்றார் ஜெயரத்தினம்.

"அப்ப நல்லா நீந்துவீங்க?"

"கூப்பிடு தூரம் எண்டுதான் சொன்னனான், சேர். கூப்பிட்டும் நான் போகேல்லை."

இந்த நேர்மை கூட்டக் குறிப்பில் பதியப்பட்டது.

முதல் கூட்டத்திலேயே குழு தன் மனிதாபிமானத்தை நிரூபித்தது. முட்டையோடிருக்கும் இறாலைப் பிடிக்கக் கூடாது, அகப்பட்டால் நோகாமல் விட்டுவிட வேண்டும் என்ற சட்டத்தை ஜெயரத்தினம் வாசித்தார். துரை கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். "தாய்மை!" என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிய அதே நேரம், ஐந்து மாத வயிற்றோடு நாகலெட்சுமி கீழே ஆற்றிலிருந்து தண்ணீர்க் குடத்தைச் சுமந்துகொண்டு யன்னலுக்கு வெளியே ஏறிப் போனாள். குழு கவனிக்கவில்லை. நிகழ்ச்சிநிரலில் அது இல்லை.

நாகலெட்சுமி ஏன் ஆற்றுக்குப் போகிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக்கு மேலே ஒன்பது அடி ஆழமான ஒரு தொட்டி இருக்கிறது. அதன் அடியிலிருந்து புறப்படும் குழாய்தான் லயத்துப் பீலியில் தண்ணீர் கொட்ட வேண்டும். மூன்று ஆண்டுகளாகக் குழாய்வாயில் சேறும் சருகும். பீலியில் நூல் போல வடியும். லயத்தார் அனுப்பிய மனுக்களுக்கெல்லாம் நான் ஒரே பதிலைத் தட்டச்சு செய்தேன்: 'தோட்டத்தில் சுழியோடத் தெரிந்தவர் எவரும் இல்லை.' நாகலெட்சுமியின் கணவன் சோலைமலை, "நான் முங்குவேங்க, கிளாக்கரய்யா" என்று வந்து நின்றபோது, இன்னொரு பதில் தேவைப்பட்டது: 'குடிநீர்த் தொட்டியில் மனிதர் இறங்குவது சுகாதாரக் கேடு.' இரண்டுமே நல்ல பதில்கள். எழுத்துப்பிழை கிடையாது.

சித்திரையில் பயிற்சிக்கு இடம் தேடினோம். நுவரெலியா வாவி என்றேன். துரை மறுத்தார். நிர்வாகம் முதன்முறை மூழ்குவதைப் பொதுமக்கள் பார்ப்பது நல்லதல்ல. அவர் விரல் மேல் லயத்துத் தொட்டியைக் காட்டியது.

"சேர், சுகாதாரம்..." என்றேன்.

"அது இறங்குறவங்களுக்கு. நாங்க பயிற்சி எடுக்கிறோம்," என்றார் துரை.

தொட்டித் தண்ணீர் எலும்பைக் கடித்தது. சஞ்சிகையிலோ 'வெதுவெதுப்பான கடல்' என்று இருந்தது. பங்களாவில் வெந்நீர் காய்ச்சி, பத்து வாளி ஊற்றிக் கடலை உண்டாக்கினோம். சுமந்து வந்தவன் சோலைமலை. ஜெயரத்தினம் உப்பும் கேட்டார். செலவைக் கருதிக் கைவிடப்பட்டது.

அடுத்தது இறால். பாறைப் பொந்துக்குள் மீசையை வெளியே நீட்டிக்கொண்டு அது இருக்கும் என்று ஆலோசகர் சொன்னார். நுவரெலியாச் சந்தையிலிருந்து பருத்த கரட் கிழங்கு ஒன்று வரவழைத்து, அதற்கு இரண்டு தேயிலைக் குச்சியை மீசையாகச் செருகினோம். தொட்டியில் இருந்த ஒரே பொந்து குழாய்வாய். உதவி நிர்வாகியான சின்னத் துரை மூச்சுப் பிடித்து இறங்கி அதில் கரட்டைச் செருகிவிட்டு வந்தார்.

பெரிய துரை குதித்தார். குமிழிகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் துரையும் வந்தார். கையில் மீசை மட்டும் இருந்தது.

"உள்ள போயிருச்சு," என்றார்.

"உயிருள்ள இறாலும் அப்பிடித்தான் சேர், பின்னால போகும்!" என்று ஜெயரத்தினம் கைதட்டினார். பயிற்சி 'முழு வெற்றி' என்று எழுதினேன்.

மறுநாள் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே நாகலெட்சுமி அலுவலக வாசலில் நின்றாள்.

"நூலாட்டம் வந்த தண்ணியும் நின்னு போச்சுங்க. முப்பது குடும்பம் ஆத்துக்கு எறங்குது. என்னால இனி ஏற முடியாதுங்க."

"மனு எழுதிக் கொடும்மா."

"மூணு வருசமா குடுத்ததெல்லாம் எங்கிட்டு இருக்கு?"

"மனுக் கோவையில் பத்திரமா இருக்கு."

"அதுலயாச்சும் ஈரம் இருக்கான்னு பாருங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை குழு புறப்பட்டது. திருகோணமலைக் கடல் உண்மையிலேயே வெதுவெதுப்பாக இருந்தது. வழிகாட்டி ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போக, துரை இருபதடி ஆழம் வரை போய் ஒரு சிங்க இறாலோடு எழும்பினார். அடிவயிறு நிறைய முட்டை. துரை அதற்கு முத்தம் கொடுக்கப் போனார், மீசை குத்தியது. படம் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டோம். ஜெயரத்தினம் கரையில் குடையோடு காவல் இருந்தார். 'சுழியோடி' என்று துரைக்கு ஒரு சான்றிதழும் கிடைத்தது.

திங்கட்கிழமை திரும்பி வந்தால், பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சோலைமலை இடுப்பில் கயிறு கட்டி இறங்கியிருக்கிறான். ஏழு தடவை முங்கிச் சேற்றையும் சருகையும் கரட்டையும் வெளியே எடுத்திருக்கிறான். உடனே விசாரணை கூடியது. துரையின் தலைக்கு மேலே சான்றிதழ் சட்டத்துக்குள் தொங்கியது.

"யாரைக் கேட்டு இறங்கின?"

"கேட்டேங்க தொரை. மூணு வருசமாக் கேட்டேன்."

"குடிக்கிற தண்ணியை அசுத்தப்படுத்தியிருக்க."

எட்டு மாத வயிற்றோடு கணவன் பக்கத்தில் நின்ற நாகலெட்சுமி, ஒரு போத்தல் தண்ணீரை மேசையில் வைத்தாள். "பயப்படாதீங்க, தொரை. நீங்க குளிச்சதெல்லாம் ஓடிருச்சு. இது புதுசு."

துரையின் முகம் சிவந்தது. சோலைமலைக்கு இரண்டு கிழமைக்கு வேலை கிடையாது என்றார்.

"முட்டையோட இருந்துச்சுன்னு இறாலையே விட்டுட்டு வந்தீங்களாமே, தொரை," என்றாள் அவள். "என்னையப் பாருங்க. அவரை விட்டுருங்க."

துரை கடல் ஆலோசகரைப் பார்த்தார். ஜெயரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"சேர், அது கடற்சட்டம். மலை ஏறாது."

குழு ஏகமனதாக ஏற்றது. தண்டனைக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். குற்றம்: 'தோட்டத்தில் சுழியோடத் தெரிந்தவர் எவரும் இல்லை என்ற அலுவலகக் கடிதத்தைப் பொய்யாக்கியமை.' முடிக்கும்போது தொண்டை வறண்டது. மேசையில் இருந்த சான்றுப்பொருளை எடுத்துக் குடித்தேன்.

நல்ல தண்ணீர்.