சம்பந்தியின் காரில் ஒரு மஞ்சள் விளக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். நீங்களும் சம்பந்தியம்மாவும் பிள்ளைகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்து, நம் பேத்தியைக் கொஞ்சி முடித்து, ஞாயிற்றுக்கிழமை சுகமாக வந்து இறங்கியிருப்பீர்கள். உங்கள் வீட்டுச் செடிகள் நலம். தண்ணீர்த் தொட்டி நலம். நலம் விசாரிப்பதில் உங்கள் காரைக் கடைசியில் வைத்திருப்பதிலிருந்தே விஷயம் உங்களுக்கு விளங்கியிருக்கும். நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால் கார்ச் சாவியோடு சேர்த்து இந்தக் கடிதத்தை வைக்கிறேன்.

நீங்கள் சாவியைத் தந்தபோது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் ஓட விட்டு, ஆப் பண்ணிடுங்க, போதும்." போதும் என்ற சொல்லை நான் இன்னும் கொஞ்சம் மதித்திருக்கலாம். ஆனால் என் நிலைமையையும் பாருங்கள். கல்யாணத்தன்று மைக் செட்டுக்காரர் விஷயத்தில் நமக்குள் வந்த மனத்தாங்கலுக்குப் பிறகு நாலு வருடமாக நாம் பேசிக்கொண்டதெல்லாம் "சாப்பிட்டாச்சா", "ஆச்சு" என்ற அளவில்தான். அப்படிப்பட்ட நீங்கள், சொந்தத் தம்பியிடம்கூடத் தராத சாவியை என் கையில் வைத்தீர்கள். அன்று வீடு திரும்பும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதருக்குப் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அந்த எண்ணம்தான் ஏழரை.

ஐந்தாவது வாரம் காருக்குள் சும்மா உட்கார்ந்திருந்தபோது சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினேன். ஏர் பில்டர் மாற்ற வேண்டிய காலம் தாண்டிவிட்டிருந்தது. நான் லிப்ட் பரிசோதனை அலுவலகத்தில் முப்பது வருடம் ‘பரிசோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் என்பது உங்களுக்குத் தெரியும். லிப்டைத் திறந்து பார்த்தவர்கள் வேறு ஆட்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வீடியோவில் ஒருவர் பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் மாற்றுகிறாரே என்று துணிந்துவிட்டேன். பில்டர் இருக்கும் பெட்டிக்கு நாலு கிளிப். மூன்று உடனே திறந்தன. நாலாவதற்கு முக்கால் மணி நேரமும் என் இடுப்பும் செலவாயின. பழைய பில்டரைத் தட்டினால் ஒரு பூந்தொட்டிக்கு ஆகும் அளவு மண். புதியதை வைத்து மூடி, கையோடு கையாக ஆயில் அளவு பார்த்து, சமையலறைப் புனலைக் கொண்டுவந்து கொஞ்சம் ஊற்றி (அந்தப் புனல் இனி சமையலறைக்குள் வரக்கூடாது என்பது என் மனைவியின் உத்தரவு), சீட்டெல்லாம் தட்டி, ஈரத்துணியால் முன்பக்கம் முழுக்கத் துடைத்து, மீட்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புப் பிசுக்கைக்கூட நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, பெருமையோடு சாவியைத் திருகினேன். எல்லா விளக்கும் எரிந்து எல்லா விளக்கும் அணைந்தது, ஒன்றைத் தவிர. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு.

அன்று தொடங்கிய அலைச்சலை எங்கிருந்து சொல்ல? பில்டரைக் கழற்றி மறுபடி மாட்டினேன், எரிந்தது. ஆயில் மூடியை இறுக்கினேன், எரிந்தது. பெட்ரோல் மூடி சரியாக மூடாவிட்டாலும் எரியுமாம். அதைப் பதினோரு முறை திருகி மூடினேன், அப்போதும் எரிந்தது. உங்கள் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வந்து எட்டிப் பார்த்து, "வண்டி ஓடுதா?" என்றார். ஓடுகிறது என்றேன். "அப்ப அத ஏன் பாக்குறீங்க, ரோட்டப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள் என்று அதையும் செய்தேன். போயே போய்விட்டது! இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். ரேடியோ உங்கள் ஸ்டேஷன்களையெல்லாம் மறந்ததும், கடிகாரம் பன்னிரண்டில் நின்று கண் சிமிட்டியதும், வயரை மாட்டிய நிமிஷத்தில் கார் தெருவையே கூட்டும்படி அலறியதும் தனிக் கதை. மூன்றாம் நாள் பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்புகையில், உங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும், சொல்லி வைத்தாற்போல அதே விளக்கு எரிந்தது.

கடைசியில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறந்ததும் கேட்டார், "யாரு கை வச்சது?" "தெரியலையேப்பா" என்றேன். அவர் என் நகங்களைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு கருவியைச் சொருகிப் படித்துவிட்டு, "புகைக்குழாய்ப் பக்கம் ஒரு சென்சார் போயிருக்கு சார். இது நேத்து வந்த வியாதி இல்ல, ரொம்ப நாளா இருக்கும்" என்றார். பெரியவர் மனது நோகக்கூடாது என்று சொல்கிறார் என எனக்குப் புரியாதா? நான் கை வைத்தது காற்று உள்ளே போகும் பக்கம், கெட்டது புகை வெளியே வரும் பக்கம். ஆக, நான் செய்த பாவம் இன்ஜின் முழுக்கப் பயணம் செய்து மறுபக்கம் வெளியே வந்திருக்கிறது. அந்த சென்சாரை வரவழைக்கப் பத்து நாள் ஆகுமாம், நீங்களோ ஞாயிறு வந்துவிடுவீர்கள்.

இதற்கெல்லாம் நடுவில் ஒவ்வொரு வாரமும் உங்கள் வீடியோ அழைப்பு. "கார் எப்படி இருக்கு சம்பந்தி?" என்பீர்கள். "நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு" என்பேன். குரலைத் தாழ்த்தி, "வேற ஒண்ணும் கண்ணுல படலையே?" என்பீர்கள். "ஒண்ணுமே இல்ல" என்பேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். என் மனைவி பக்கத்திலிருந்து, "உங்கள யாரு அதத் தொடச் சொன்னது? ஸ்டார்ட் பண்ணி ஆப் பண்ண ஒரு ஆளு வேணும்னாங்க, அவ்வளவுதான்" என்று முணுமுணுப்பாள். உண்மைதான். எனக்கு அலுத்துவிட்டது சம்பந்தி. விளக்கைவிட அந்தப் பொய்தான் அதிகம் அலுத்துவிட்டது. நாலு வருடம் கழித்துத் திறந்த கதவு இது. நானே அதைச் சாத்திவிட்டேனோ என்பதுதான் என் கவலை. மன்னியுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பேத்தி நீண்ட ஆயுளோடு, எந்த இயந்திரத்திலும் கை வைக்காமல், பெருவாழ்வு வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் நன்மதிப்பை இன்னும் எதிர்பார்க்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதை முடித்துக் கவரைத் தேடும்போது என் மனைவி செல்போனோடு வந்தாள். மனசு தாங்காமல் சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளாம். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பாம். "மஞ்ச லைட்டா? அது ரெண்டு வருஷமா எரியுதே! இவரும் ஒரு வீடியோவப் பாத்து என்னமோ கழட்டினாரு, அன்னிக்கு வந்தது. உங்ககிட்ட சாவி குடுக்கறதுக்கு முந்தின நாள், சம்பந்தி பாத்தா என்ன நினைப்பாருன்னு சொல்லி, கறுப்பு டேப்ப வெட்டி அது மேல ஒட்டினாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

ஆகவே இந்தக் கடிதம் உங்களிடம் வராது. எழுதிய தாளைக் கிழித்துப் பழக்கமில்லாததால் கோப்பில் வைக்கிறேன். சாயங்காலமே ஒரு துண்டு கறுப்பு டேப் வெட்டி, பிசுக்கு என்று நான் சுரண்டிய அதே இடத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். ஒரு நூல் அளவு சின்னதாகிவிட்டது, ஓரத்தில் மஞ்சள் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அதைப் பார்ப்பீர்கள், என்னிடம் கேட்க மாட்டீர்கள். நானும் சொல்ல மாட்டேன். கார் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள் சம்பந்தி. நீங்கள் விட்டுவிட்டுப் போன மாதிரியே இருக்கிறது.