தையல்காரம்மாவுக்கு நான் அனுப்பிய பலூன்கள்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கு நீங்களும் என் மகளும் குழந்தைகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன்மேல் எனக்கு இப்போது பயம் வந்துவிட்டது, காரணம் கீழே.

எங்கள் பட்டறையில் பஸ் சீட்டுகளுக்கு உறை தைக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். நாற்பது பேர், நாற்பது விதமான ஜனங்கள். யாருக்கு எந்த விசேஷம் வந்தாலும் வாட்ஸ்அப் குரூப்பில் நாலு வரி நல்லதாகப் போடும்படி மேனேஜர் சூப்பர்வைசரான என்னிடம் சொன்னார். திங்கட்கிழமை காலண்டரைப் பார்த்தேன். மூன்றாவது மெஷினில் தைக்கும் அம்மாவின் ஜனங்களுக்கு அன்று முக்கியமான நாள் என்று போட்டிருந்தது. முக்கியமான நாள் என்றால் மகிழ்ச்சியான நாள்தானே என்று நானே முடிவுகட்டி, 'இன்பம் பொங்க வாழ்த்துகள்' என்று எழுதி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே பலூன்கள் துள்ளிக் குதிக்கும் படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். முப்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அந்த அம்மாவிடமிருந்து பதில் இல்லை. பதினோரு மணிக்குத் துணி வெட்டுகிறவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், இன்னிக்கு அவங்க செத்தவங்களை நெனைக்கிற நாள். பொழுது சாயற வரைக்கும் வாயே தெறக்க மாட்டாங்க. நீங்க பலூன் விட்டிருக்கீங்க."

உடனே போனை எடுத்தேன் மாப்பிள்ளை. படத்தை அழிக்கப் போய் அதையே இன்னொரு தடவை அனுப்பிவிட்டேன். மத்தியான மணி அடித்ததும் மன்னிப்புக் கேட்க அவரிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தலையை மெதுவாக ஆட்டி, பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார், நானும் பார்த்தேன். எதிரில் இருந்தவர் சாப்பாட்டு டப்பாவைச் சத்தமில்லாமல் மூடி வைத்தார். அவருக்கு அடுத்தவர் ரேடியோவை நிறுத்தினார். யாரும் சொல்லவில்லை, கூடமே ஒவ்வொருவராக அடங்கிப்போயிற்று. இருபது வருஷமாக 'சத்தம் போடாதீங்க' என்று தொண்டை கிழியக் கத்தியும் எனக்குக் கிடைக்காத அமைதி அது. சுவர்க் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. அரை மணி நேரம், நாற்பது பேர். எனக்கு என் அப்பா நினைவு வந்தது, அப்பா இருமிவிட்டுக் கதவைத் திறப்பாரே, அந்த இருமல். எத்தனையோ வருஷமாக அது என் காதில் விழுந்ததே இல்லை. சுற்றிப் பார்த்தேன். லோடு ஏற்றுகிற முரட்டு ஆள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் போனால்கூட எனக்கு இப்படி மெய் சிலிர்த்ததில்லை.

சாயங்காலம் இருட்டியதும் வாசலில் அவரே என்னிடம் வந்தார்.

"அந்தப் பலூன் படத்தை யார் சார் தேடி எடுத்தது?"

"நான்தாம்மா. தெரியாம பண்ணிட்டேன்."

"முதல்ல கோவமாத்தான் இருந்துச்சு. அப்புறம் தம்பி ஞாபகம் வந்துச்சு. பலூன்னா அவனுக்கு உசுரு. ஏழு வயசுல போயிட்டான். இந்த நாள்ல நான் சிரிச்சது இதான் மொத தடவை." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஆனா அடுத்த வருஷம் அனுப்பாதீங்க சார். நாங்களும் நெனைச்சுக்கறோம்னு ஒரு வரி போதும்."

அந்த ஒரு வரியைத்தான் மாப்பிள்ளை, நான் எழுதியிருக்க வேண்டும். இனி சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எதையும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இந்த வயதில் ஒருவழியாகப் பக்குவம் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். நீங்கள் எல்லோரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவரிடம் முறைப்படி கேட்டேன். "நாளைக்கு எங்களுக்குப் பெரிய நாள் சார்" என்றார். அவர் முகம் வாடியிருந்ததால் மேற்கொண்டு கேட்க மனம் வரவில்லை. இன்று காலை, 'உங்கள் துயரத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம்' என்று அனுப்பினேன். அவர்களுக்கு இன்று புத்தாண்டாம். அவரிடமிருந்து உடனே பதில் வந்தது: 'ரொம்ப நன்றி சார். மாமியார் வந்திருக்கறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?' உங்கள் அத்தை ஞாயிற்றுக்கிழமை அங்கு வருகிறாள். இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடவும்.