மெக்கானிக் ஆண்டவருக்குக் கொடுத்த அரை மணி

சத்தியமாகச் சொல்கிறேன், ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கையைத் தூக்கியது மின்விசிறிக்காகத்தான். ஆலயத்தில் அவர் தலைக்கு நேர் மேலே அது கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. "பாரு, போல்ட் கழண்டிருக்கு" என்று மனைவிக்குக் காட்ட ஒரு விரலை உயர்த்தினார். சரியாக அந்த நேரம் பார்த்துப் போதகர், "தினமும் காலையில அரை மணி நேரம் ஆண்டவருக்குன்னு ஒதுக்க யார் தயார்?" என்று கேட்டுவிட்டார்.

"அதோ, நம்ம மெக்கானிக் அண்ணன்! முதல் ஆளா! ஸ்தோத்திரம்!"

சபையே திரும்பிப் பார்த்தது. தூக்கிய விரலை மடக்கினால் மானம் போகும். மிச்சமிருந்த நாலு விரலையும் விரித்து முழுக் கையாக்கிவிட்டார்.

அரை மணி நேரமாவது! மனுஷனுக்கு மூச்சு விடவே நேரம் கிடையாது. ஊரிலுள்ள ஃப்ரிட்ஜெல்லாம் அவரைக் கேட்டுத்தான் குளிரும். விடிந்ததும் போன் அலறும். ஒரு கையில் ரொட்டியும் மறுகையில் ஸ்க்ரூ டிரைவருமாகப் படியிறங்குவார். எதைக் கடிக்கிறோம் என்று பார்க்கக்கூட நேரமிருக்காது. ஜெபமெல்லாம் ஸ்கூட்டரில்தான், சிக்னலில் சிவப்பு விழும்போது. பச்சை விழுந்துவிட்டால் ஆண்டவர் அந்தரத்தில் நிற்க வேண்டியதுதான்.

ஆண்டவராவது பரவாயில்லை, பரலோகத்தில் பேச்சுத் துணைக்குத் தேவதூதர்கள் உண்டு. வீட்டில் இருப்பவளுக்கு யார்? ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அந்த அம்மாளுக்கு மிஞ்சியது மிக்ஸி ஒன்றுதான். அதுவும் எதிர்த்துக் கத்தும் ரகம். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசமாட்டாரா என்று அவள் ஏங்கிப்போயிருந்தாள். பேச வாயெடுத்தால், "போன் வருது, இரு" என்பார். அந்த 'இரு'விலேயே அவள் வருஷக்கணக்காக இருந்துகொண்டிருந்தாள்.

மெக்கானிக் ஒரு திட்டம் போட்டார். படுக்கையறைக் கதவைச் சாத்துவது. முழங்கால் போடுவது. தலையைக் கட்டிலில் சாய்ப்பது. அப்புறம் தூக்கமாச்சு, தானாச்சு. போதகர் கேட்டால், "தவறாம முழங்கால் போட்டேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் பொய்யில்லை.

திங்கட்கிழமை காலை கதவைச் சாத்தப் போனார். இடுக்கு வழியாக ஒரு பாய் உள்ளே வந்தது. பாய்க்குப் பின்னால் மனைவி.

"நீ எதுக்கு?"

"ஜெபிக்கத்தான்."

"நான் தனியா ஜெபிக்கலாம்னு..."

"தனியா ஜெபிச்சா தூக்கம் வருமாம்."

"எனக்கா? தூக்கமா?"

"உங்களைச் சொல்லலீங்க, பொதுவாச் சொன்னேன். போனை இப்படிக் குடுங்க."

போன் சமையலறைக்குப் போயிற்று. அவள் முழங்கால் போட்டு, கண்ணை மூடி, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பரலோகத் தகப்பனே, உமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவதை நீர் அறிவீர். அடியாளும் அறிவேன். அறிய வேண்டியவர் ஒருவர்தான் இன்னும் அறியவில்லை. அவருடைய மனக்கண்ணைத் திறந்தருளும்."

மெக்கானிக் இரண்டு முகக்கண்ணையும் திறந்தார். "ஏய், அதான் பாக்கறேன்னு நேத்தே சொன்னேனே..."

"உஷ்! ஜெபத்துல குறுக்கப் பேசலாமா?"

பேசக்கூடாதுதான். வாயை மூடிக்கொண்டார். ஜெபம் நீண்டது. ஆடுகிற நாற்காலிக்கால், மகள் போன் பண்ணினால் "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று இவர் நழுவுவது, எல்லாம் வரிசையாகப் பரலோகம் போய்ச் சேர்ந்தது. கடைசியில் அவள் ஆமென் என்றாள். பழக்க தோஷம், இவரும் ஆமென் என்றார்.

"அப்போ குழாயைச் சரிபண்றீங்க."

"நான் எப்போ சொன்னேன்?"

"ஆமென்னா என்னங்க? அப்படியே ஆகட்டும்னுதானே அர்த்தம்?"

கல்யாணமான நாள்முதல் ஆமாம் போட்டே பழகிய மனுஷன். ஆமாமுக்கும் ஆமெனுக்கும் அதிக தூரமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குழாய்க்கு வாஷர் மாட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

மறுநாள் அவர் முந்திக்கொண்டார். "ஆண்டவரே, இந்த வீட்டிலுள்ள ஓர் ஆத்துமாவுக்கு நாவடக்கத்தைத் தந்தருளும். ஆமென்."

பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, ஆமென் சொல்லலையா?"

"யாருக்காகன்னு தெரியாம எப்படிங்க சொல்றது? பேரைச் சொல்லி ஜெபிங்க."

பேரைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை பெரிய ஓட்டல் ஒன்றில் காய்கறி வைக்கும் குளிர் அறை வேலை செய்யாமல் நின்றுபோயிருந்தது. சுருக்கமாக முடித்துவிட்டு ஓட வேண்டும் என்று பரபரத்தார். அவள் அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, இன்னிக்குக் கேக்க ஒண்ணுமில்ல. நன்றி சொல்லத்தான் வந்தேன்." ஜெபத் தமிழெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "இந்த மனுஷன் பக்கத்துல உக்காரணும்னு எவ்வளவு நாளா கேட்டுட்டிருந்தேன். காதோரம் இவ்வளவு நரைச்சது இப்பத்தான் என் கண்ணுல படுது. முழங்கால் வலிக்குது, சொல்லமாட்டேங்கிறார். ஓடிக்கிட்டே இருக்கார், ஆண்டவரே. நல்லா வச்சிரும்."

அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். மூடிய அவள் இமையோரம் ஈரம். மெக்கானிக்குக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மறுபடி கண்ணை மூடினார். அந்த வாரத்தில் முதல் தடவையாக உண்மையிலேயே ஜெபித்தார். 'ஆண்டவரே, உம்மையும் இவளையும் காக்க வச்சிட்டேன். மன்னியும்.' யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

சமையலறையில் போன் அலறியது. ஓய்ந்தது. மறுபடி அலறியது. குளிர் அறை ஞாபகம் வந்துவிட்டது. இவளோ கையை விடவில்லை. பொறுத்துப் பார்த்தார். பிறகு, கெட்டிக்காரத்தனமாக, தானே உரக்கச் சொன்னார்.

"ஆமென்!"

அவள் கண்ணைத் திறக்காமல் அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அது உங்க ஜெபத்துக்குங்க. என்னது இன்னும் முடியலை."