உங்கள் அக்காள் காட்ட மறுக்கும் குறிப்புகள்

ஜூன் 11, புதன்கிழமை, முற்பகல் 10.20 மணி

அன்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நலம்; தங்கள் இல்லத்தார் நலம் அறிய விழைகிறேன். தங்கள் சொல்லை நம்பிச் சென்ற ஆண்டு ஜூலை 15 அன்று நானும் தங்கள் அக்காளும் பட்டப்படிப்பில் சேர்ந்தோமல்லவா? டிசம்பர் 9 அன்று நடந்த உளவியல் தேர்வில் அவளுக்கு எழுபத்தொன்று, எனக்கு இருபத்தெட்டு. வரும் 23ஆம் தேதி மறுதேர்வு. அதிலும் தவறினால் என் சேர்க்கை ரத்தாகும். சனிக்கிழமை வகுப்புக்கு அவள் மட்டுமே போவாள். முப்பத்தொன்பது ஆண்டு இல்லறத்தில் நாங்கள் ஒரே பெஞ்சில் அமர்ந்தது இந்த ஓராண்டுதான் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

குறிப்பெடுக்காமலா இருந்தேன்? அலுவலகத்துக்கு வரும் கடிதங்களை முப்பத்து நான்கு ஆண்டுகள் பதிவேட்டில் ஏற்றியவன் நான். பெரிய நோட்டில் பக்க எண், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடையூறு எனக் கட்டம் போட்டேன். "பக்கம் 88, மார்ச் 14, வெள்ளி, காலை 9.05 முதல் 9.40 வரை, இடையூறு: தண்ணீர் மோட்டார்." இப்படியே நூற்றுப் பதினொரு பக்கம். நேற்று மாலை அதைத் திருப்பிப் படித்தேன். மோட்டார் நினைவுக்கு வந்தது, பக்கத்து வீட்டார் சுவரில் துளை போட்டது வந்தது, பாடம் மட்டும் வந்தபாடில்லை. தங்கள் அக்காளிடம் காட்டினேன்.

"என்னங்க, இதுல எல்லாம் இருக்கு, பாடத்தைத்தான் காணோம்!"

"கடிதத்தைப் பிரிச்சுப் படிக்கிறது எங்க செக்‌ஷன் வேலையில்ல."

"அப்ப பாஸ் பண்றது எந்த செக்‌ஷன் வேலை?"

அவள் குறிப்பையாவது தரச் சொன்னேன். ஓர் அத்தியாயத்துக்கு அரைப் பக்கந்தான் எழுதுகிறாள். அதையும் தர மறுக்கிறாள். "அது எனக்குத்தான் புரியும், உங்களுக்கு நீங்களே எடுங்க" என்கிறாள். கட்டிய கணவனிடம் இவ்வளவு கறார் ஆகுமா? ஆகவே தாங்கள் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து, அவளைக் கண்டித்து, அக்குறிப்புகளை வாங்கித் தர வேண்டுகிறேன். இல்லத்தில் அனைவருக்கும் அவரவர் வயதுக்கேற்ப வணக்கமும் ஆசியும்.

இங்ஙனம்,
தங்கள் அத்தான்

பின்குறிப்பு (அதே நாள், 11.45 மணி): உறையில் இடுமுன் தங்கள் அக்காள் இதைப் பிடுங்கி முழுவதும் படித்தாள். பிறகு கவிழ்த்து வைத்துவிட்டு, பார்க்காமலே இதன் சாரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதினாள்: "இவருக்குப் பயம் பரீட்சைக்கு இல்ல. என் பக்கத்து இடம் போயிடுமேன்னுதான்." தேதிகூடப் போடவில்லை, ஆனால் எதுவும் விட்டுப்போகவில்லை. "இவ்வளவுதாங்க குறிப்பு. படிங்க, மூடுங்க, மனசுல நின்னதை எழுதுங்க. புத்தகத்தை எடுங்க" என்கிறாள். தாங்கள் வர வேண்டாம். நாங்கள் படித்துக்கொண்டிருக்கிறோம்.