சீட்டுக்கு அடியில் நேபாளம்

டப்பா தீப்பெட்டி அளவுதான் இருந்தது. அதை எங்கே ஒளித்துவைப்பது என்பதுதான் காலை ஆறு மணிக்கு மணவாளனின் கவலை.

"லாரியில எங்கனா வைய்யி. எங்க வெச்சேன்னு என்கிட்டகூட சொல்லாத," என்று சொல்லியிருந்தார் முதலாளி அரங்கநாதன். "டிரைவருக்குத் தெரியவே கூடாது. லாரி எங்க போவுது, எங்க நிக்குதுன்னு இது காட்டிக்கினே இருக்கும். டப்பா லாரிய வுட்டு எறங்கிச்சுன்னா அந்த டிரைவர மாத்திடணும். நேபாளத்துக்காரன் கண்டிஷன்."

வில்லியனூரை ஒட்டிய அந்த லாரி ஷெட்டிலிருந்து முதல்முறையாக ஒரு லோடு நாடு தாண்டிப் போகிறது. மருந்துப் பெட்டிகள். ரக்சால் எல்லை வழியாகக் காட்மாண்டு. வடக்கே போகப் போக, நிற்கிற லாரியிலிருந்து சரக்கை உருவிவிடுகிறார்கள், சில நேரம் டிரைவரே அதற்குக் கூட்டு என்று நேபாளத்துக் கம்பெனி கேள்விப்பட்டிருந்தது. அதனால் ஏகப்பட்ட கட்டுப்பாடு. பின்கதவில் நம்பர் போட்ட சீல். கேபினில் டிரைவர் முகத்துக்கு நேராக ஒரு கேமரா. வண்டி ஓடும்போது போன் எடுக்கக் கூடாது. சீல் போட்டபின், சொன்ன இடத்தைத் தவிர வேறெங்கும் டிரைவர் காலைக் கீழே வைக்கக் கூடாது. போக வர இருபத்திரண்டு நாள்.

பதினான்கு வருஷமாக ஷெட்டின் கேட்டும் சீலும் மணவாளன் பொறுப்பு. அதற்கு முன்னால் நாக்பூர் வரை லாரி ஓட்டியவர். இன்றைக்கும் லைசென்ஸைக் காலாவதியாக விட்டதில்லை. அப்படிப்பட்டவர் இருக்கும்போது, நேபாள லோடு யாருக்குப் போனது? தணிகைவேலுக்கு. யார் அந்தத் தணிகைவேல்? மணவாளனின் சகலை. மனைவியின் தங்கை புருஷன்.

மணவாளனுக்கு வயிறு எரிந்தது. வெறும் வாயில் சொல்லிவிட்டுப் போகிற எரிச்சல் இல்லை. மோர் குடித்தும் அடங்காத எரிச்சல்.

பத்து நாளாக மச்சினிச்சி மகாலட்சுமி வைக்கிற வாட்ஸாப் ஸ்டேட்டஸ் எல்லாமே நேபாளம்தான். காலையில் பனிமலை. மத்தியானம் கம்பெனி ஜாக்கெட்டில் தணிகைவேல். சாயங்காலம் கழுத்தில் அடையாள அட்டையோடு தணிகைவேல். அத்தனையையும் மணவாளனின் மனைவி புவனேஸ்வரி ஒன்று விடாமல் பார்த்து, அவருக்கும் காட்டினாள்.

"பாரு, அவரு வண்டிக்குள்ள தனியா கேமராவாம். படம் மட்டும்தான் எடுக்குமாம், பேச்சு எடுக்காதாம். மொத்தத்தையும் மொதலாளியே ஒக்காந்து பாப்பாராம்."

"நம்ம கல்யாணத்துக்கே வீடியோ எடுக்கல."

"எடுத்து இன்னா பண்றது? அவரு நேபாளம் போறாரு. பதினாலு வருஷமா நீ இங்க இருக்கற பாகூர தாண்டிப் போனியா?"

இந்தப் 'பாகூர்' மணவாளனின் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றுவிட்டது.

இப்போது டப்பா கையில். எதிரே லாரி. லாரிக்குப் பக்கத்தில் தணிகைவேலின் ஸ்கூட்டர், சாவியோடு.

மணவாளன் நல்லவர்தான். ஆனால் பொறாமை வந்தவனுக்குப் புத்தி சீக்கிரம் வேலை செய்யும். டப்பாவை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டு மூடினார். லாரி கிளம்பிப் போகும், டப்பா ஷெட்டிலேயே கிடக்கும், டிரைவர்தான் கழற்றி எறிந்தான் என்று முதலாளி நினைப்பார். சகலைக்கு நேபாளம் கட்.

ஏழு மணிக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். தணிகைவேல் நேர்ந்துவிட்ட ஆடு மாதிரி லாரியில் ஏறினான். 'பாரேன், மூஞ்ச எப்படித் தூக்கி வெச்சிருக்கான். அவ்ளோ திமிரு' என்று மணவாளன் நினைத்துக்கொண்டார்.

"வர்றேன் சகல," என்றான் தணிகைவேல் ஈனஸ்வரத்தில்.

"நல்லபடியா போய்ட்டு வா சகல," என்று மணவாளன் வாய் நிறையச் சொன்னார்.

எட்டு மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்த ஆபீஸ் கிளார்க் ஜெயசித்ரா, "சார், லாரி இன்னும் ஷெட்டுலயே காட்டுது," என்றாள்.

மணவாளன் காதைத் தீட்டிக்கொண்டார்.

"நெட்டு ஸ்லோவா இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு முதலாளி இட்லி சாப்பிடப் போய்விட்டார்.

இப்படி ஒரு நல்ல மனுஷனை வைத்துக்கொண்டு யாரைத்தான் மாட்டிவிடுவது? மணவாளன் நொந்துபோய் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தால் ஸ்கூட்டரைக் காணோம்.

"மகாலட்சுமி அக்கா வந்து எடுத்துக்கினு போனாங்கண்ணே," என்றாள் ஜெயசித்ரா. உடனே அவள் முகம் மலர்ந்தது. "சார்! லாரி கெளம்பிடுச்சு!"

"நான்தான் சொன்னேனே, நெட்டுன்னு," என்றார் முதலாளி.

கால் மணி நேரத்தில் அந்த மலர்ச்சி வாடியது. "சார், லாரி தெக்க தவளக்குப்பத்துல போவுது."

"நேபாளத்துக்கு எதுக்கு தவளக்குப்பம்?"

"இப்ப கிருமாம்பாக்கம்... சார், பனித்திட்டு! கடற்கரை ஓரமா நிக்குது சார்!"

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அங்க போட்டுதான் இருக்குது. சரக்க போட்டுல ஏத்துறானா? போன் போடும்மா!"

"எடுக்கல சார். ஓட்டும்போது எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நின்னுக்கினுதானே இருக்கான்! நின்னா எடுக்கலாம்ல?"

மணவாளன் டிவிஎஸ் சாவியைத் தேடினார். அவர் கேட்டது சகலைக்கு ஒரு சின்ன சறுக்கல். மருந்துக் கடத்தல் கேஸ் இல்லை. போலீஸ் வந்து ஸ்கூட்டர் சீட்டைத் திறந்தால் மகாலட்சுமியைக் கேட்பார்கள். மகாலட்சுமி ஷெட்டைக் கைகாட்டுவாள். ஷெட்டில் டப்பாவைக் கையில் வாங்கியவர் ஒருவர்தான்.

"மொதலாளி, நான் போய் பாத்துட்டு வந்துடறேன்," என்று தன் டிவிஎஸ்ஸை உதைத்தார்.

"பாத்தியாம்மா, வேலைன்னா இப்பிடி இருக்கணும்," என்று முதலாளி ஜெயசித்ராவிடம் சொன்னது அவர் காதில் விழவில்லை.

பனித்திட்டில் மீன் ஏலம் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் நின்றது. சாவி இல்லை. மணவாளன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு சீட்டைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. விரலை நுழைத்து நெம்பினார். விரல் மாட்டிக்கொண்டது.

"யோவ், பொம்பள வண்டியில இன்னாய்யா நோண்டற?" வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். அவர் பின்னாலேயே இன்னும் நாலு பேர்.

"வுடுங்கண்ணே, எங்க மாமாதான்," என்று மீன் பையோடு வந்தாள் மகாலட்சுமி. விரலை விடுவித்தாள். ஏன் வந்தீர்கள், எதற்கு நோண்டினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேள்வி கேட்காத பெண் கிடைக்கத் தணிகைவேல் கொடுத்து வைத்தவன் என்று அந்த நேரத்திலும் மணவாளன் பொறாமைப்பட்டார்.

"இந்த வண்டி பிரேக்கு சரியில்லம்மா. நான் ஓட்டியாறேன். நீ என் டிவிஎஸ்ஸ எடுத்துக்கினு போ."

"சரி மாமா. சீட்டுக்கு அடியில மீனு வெச்சிருக்கேன், ஐஸ் ஒழுவும். பாத்து," என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தாள்.

பாகூர் வரை வந்ததும் ஓரமாக நிறுத்தி, மீனுக்குக் கீழே கைவிட்டு டப்பாவை எடுத்தார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. அப்போது போன் அடித்தது. ஜெயசித்ரா.

"அண்ணே, லாரி இப்ப பாகூர்ல நிக்குது! நாலு பேர கூட்டிக்கினு சாரு கார்ல வர்றாரு. நீங்க எங்க இருக்கீங்க?"

"நான்... பாகூர்லதான்."

"அப்ப உங்க எதிரிலதான் நிக்குது! பாருங்கண்ணே, பன்னெண்டு சக்கர லாரி தெரியலியா?"

மணவாளன் எதிரே பார்த்தார். டீக்கடை வாசலில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று கிளம்பத் தயாராக இருந்தது. யோசிக்க நேரமில்லை. டப்பாவைக் கரும்புக் கட்டுக்குள் செருகினார். டிராக்டர் மேற்கே திரும்பிப் போனது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

அந்த மூச்சு அடங்கும் முன்னால் மறுபடி போன். இந்த முறை புவனேஸ்வரி.

"என் தங்கச்சி உன் டிவிஎஸ்ஸுல வூட்டு வாசல்ல போறா. அவ ஸ்கூட்டர் உன்கிட்ட இருக்குதாமே. இன்னாய்யா நடக்குது?"

"பிரேக்கு புடிக்கலன்னு..."

"அவ புருஷன் வண்டியேறி நாலு மணி நேரம் ஆவல. அதுக்குள்ள உனக்கு அவ வண்டி பிரேக்கு மேல அக்கற வந்துடுச்சு. என் வண்டிக்கி ஆறு மாசமா ஆரன் அடிக்கல, கேட்டியா? வில்லியனூர் மார்க்கெட்டுல மீனே இல்லாத மாதிரி அவ பனித்திட்டுக்குப் போவாளாம், இவரு பின்னாடியே போவாராம்!"

"புவனா, ஆபீஸ் வேலடி!"

"வூட்டுக்கு வா. ஆபீஸ் வேல இன்னான்னு காட்டறேன்."

இதற்குள் ஆபீஸ் திரையில் நேபாள லாரி பண்டசோழநல்லூர்க் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஜெயசித்ரா அதைப் போனில் சொன்னாள். "லாரிய கரும்புக் கொல்லையில ஒளிக்கிறான்!" என்று முதலாளி காரைத் திருப்பினார். டிராக்டரை மறித்து, பாதிக் கரும்பை இறக்கி, மீன் நாற்றத்தோடு டப்பாவை எடுத்தார்கள்.

சரியாக அந்த நேரத்தில் தணிகைவேல் போனை எடுத்தான். திண்டிவனம் தாண்டி வெகுதூரம் போய், நிற்கச் சொன்ன பங்க்கில் நிற்கிறானாம். "உடனே லாரிய திருப்பு," என்றார் முதலாளி.

நாலு மணிக்கு லாரி ஷெட்டுக்கு வந்தது. மணவாளன் சீலைப் பார்த்தார். நம்பர் சரி, ஒரு கீறல் இல்லை.

"டப்பாவ எங்கய்யா வெச்ச?" என்றார் முதலாளி.

"டீசல் டேங்க் இடுக்குல, மொதலாளி. கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன்." மணவாளன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அப்ப நீதான் கழட்டி எவன் கையிலயோ குடுத்து ஊர் சுத்த வுட்ட. உண்டா இல்லியா?" என்று முதலாளி தணிகைவேலிடம் பாய்ந்தார்.

தணிகைவேல் சத்தியம் பண்ணவில்லை, சண்டை போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "உங்களுக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடி செய்ங்க மொதலாளி," என்றான்.

மணவாளனுக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.

"டிரைவர் கெடைக்காத காலம், அதனால வேலையில வெச்சிருக்கேன். இனிமே உனக்கு உள்ளூர் லோடுதான். பாகூர், கடலூரு, வில்லியனூர். சாயங்காலம் ஆனா வூடு. போ!" முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "இப்ப நேபாளத்துக்கு யார அனுப்பறது?"

"மணவாளன் அண்ணன்கிட்ட லைசென்ஸ் இருக்குதே சார்," என்றாள் ஜெயசித்ரா.

"அட, ஆமாம்! காலையில லாரியத் தேடி அடிச்சி புடிச்சி ஓடுனவன் அவன் ஒருத்தன்தானே!"

வாய் வரைக்கும் வந்த உண்மை திரும்பி உள்ளே போய்விட்டது. "குடும்பத்த வுட்டுட்டு... இருபத்திரண்டு நாளு..." என்று மணவாளன் ஒரு தடவை இழுத்தார். முதலாளி வேறு யாரையாவது யோசிப்பதற்குள், "சரி மொதலாளி, நீங்க சொன்னா தட்ட முடியுமா," என்று முடித்துவிட்டார்.

வீட்டில் துடைப்பத்தோடு காத்திருந்த புவனேஸ்வரி, சேதியைக் கேட்டதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு போனை எடுத்தாள். அன்று சாயங்காலமே அவள் ஸ்டேட்டஸில் பனிமலை ஏறியது. ஜாக்கெட்டில் மணவாளன். அடையாள அட்டையோடு மணவாளன். "இப்ப பாக்கட்டும் என் தங்கச்சி," என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகாலட்சுமி உடனே பார்த்துவிட்டு நாலு கைதட்டல் அனுப்பியிருந்தாள். "வயித்தெரிச்சல மறைக்கிறா," என்றாள் புவனேஸ்வரி திருப்தியாக.

மறுநாள் காலை டப்பாவை முதலாளியே லாரிக்குள் வைத்து மூடி வெல்டிங் அடித்தார். சீல் போட்டாயிற்று. பூசணிக்காய் உடைந்தது. மணவாளன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்துத் தலையை வாரிக்கொண்டார். கீழே புவனேஸ்வரி போனில் படம் பிடித்தபடி முன்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். தணிகைவேல் ஷெட் வாசலில் உள்ளூர் லோடு டெம்போவைத் துடைத்துக்கொண்டு, மெல்ல ஏதோ பாட்டை முணுமுணுத்தான்.

'பாவம், துக்கத்த மறைக்கப் பாடறான்' என்று மணவாளனுக்கு இரக்கம் வந்தது. ஜெயித்தவனுக்கு வருகிற இரக்கம், தாராளமாகவே வந்தது.

மகாலட்சுமி எட்டிச் சன்னல் வழியாக ஒரு தூக்குச் சட்டியை நீட்டினாள். "மீன் கொழம்பு மாமா. வழியில சாப்புடுங்க."

"எதுக்கும்மா சிரமம்? மனசுல ஒண்ணும் வெச்சிக்காத. அடுத்த தடவ அவனுக்கே வாங்கித் தர்றேன்."

"ஐயோ, சாமி! வேணவே வேணாம்!" மகாலட்சுமி பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இந்தக் கேமரா முன்னாடி இருபத்திரண்டு நாளு ஒக்காரணுமேன்னு அவரு சோறே எறங்காம கெடந்தாரு. முடியாதுன்னா வேல பூடும்னு பயம். பெருமையா ஸ்டேட்டஸ் போட்டா நீங்க ரோஷப்பட்டு கேட்டு வாங்கிக்குவீங்கன்னு பத்து நாளா போட்டுப் பாத்தேன், நீங்க கேக்கவே இல்ல."

மணவாளன் வாயைத் திறந்தார். சிவப்பு விளக்கு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. திட்ட முடியாது, இறங்கவும் முடியாது. வாயை மூடிக்கொண்டார். முதலாளி பச்சைத் துணியை ஆட்டினார்.

மகாலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நல்லவேள மாமா, நேத்து காலையில சீட்டத் தொறந்தப்ப அந்த எடம் காட்டற டப்பா கண்ணுல பட்டுச்சு, அப்பறம்தான் வண்டிய நேரா பனித்திட்டுக்கு வுட்டேன்."