டெனிஸுக்கு வைத்த சாப்பாடு

லண்டனில் வீட்டுக்காரர் என்றால் வாடகைக்கு ஆள் தேடுவார். எங்கள் வீட்டுக்காரர் ஒருவர்தான் இருநூறு வருஷத்துக்கு முன் தொலைந்துபோன ஆளைத் தேடினார். அதுவும் அந்த ஆள் தொலைந்தது அமெரிக்காவில். லண்டன் மனோர் பார்க்கில் இருந்துகொண்டு தேடினால் கிடைப்பாரா என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் முதலில் சிரித்துக்கொண்டு அதைத்தான் கேட்டோம்.

எண்பதுகளின் கடைசி. அவர் வீட்டின் மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த கந்தையா அண்ணை, மன்னார் அந்தோனி, நான். வீட்டுக்காரர் அயர்லாந்துக்காரர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், கல்யாணம் கட்டாதவர். அவருடைய பெயரை உச்சரிக்க எங்கள் நாக்கு ஒத்துழைக்கவில்லை. வாயைத் திறந்தால் பூட்டன் கதைதான் என்பதால் கந்தையா அண்ணை அவருக்குப் 'பூட்டனார்' என்று பெயர் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது.

பூட்டனாரின் பூட்டனுக்கும் பூட்டன்தான் டெனிஸ். அமெரிக்கா இன்னும் இங்கிலாந்து அரசரின் கையில் இருந்த காலத்தில், மனைவியையும் கைக்குழந்தையையும் அயர்லாந்தின் கோர்க் பக்கத்தில் விட்டு, பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லிக் கப்பல் ஏறியவர். பென்சில்வேனியாவில் ஊர்கள் முடிந்து காடு தொடங்கும் எல்லையில் மரம் தறித்து ஒரு குடிசை போட்டார். அந்தக் காட்டுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் இருந்தார்கள் என்று டெனிஸிடம் யாரும் சொல்லவில்லை போலும். ஒரு பனிக்காலத்தில், காணாமல்போன மாட்டைத் தேடிப் போனார். மாடு மறுநாள் தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது. டெனிஸ் வரவில்லை.

இவ்வளவையும் கண்டுபிடிக்கப் பூட்டனாருக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. சனிக்கிழமை தவறாமல் ஆவணக் காப்பகம், மற்ற நாட்களில் அமெரிக்க நூலகங்களோடு கடிதத்தில் மல்லுக்கட்டு. முன்னறைச் சுவர் முழுக்க அந்தக் காட்டின் வரைபடம்தான், தொலைக்காட்சிக்குக்கூட இடமில்லை. டெனிஸ் எங்கே விழுந்து கிடக்கிறார் என்று தெரிந்தால் அங்கே போய் ஒரு செபம் சொல்லவேண்டும் என்பதே பூட்டனாரின் ஆசை. தான் போய்விட்டால் அவனைத் தேட ஒருவரும் இல்லை என்பார். அப்போது மட்டும் எங்களுக்குச் சிரிப்பு வராது.

போகப்போக மற்ற நேரத்திலும் சிரிப்பு குறைந்தது. டெனிஸைப் பற்றிப் பூட்டனார் இறந்தகாலத்தில் பேசமாட்டார். "இண்டைக்கு டெனிஸுக்குக் குளிர்," என்பார். அவர் பேசியது ஆங்கிலம். ஏனோ எனக்கு ஞாபகத்தில் நிற்பதெல்லாம் எங்கள் தமிழில். காஸ் ஹீற்றர் மட்டும் எரிகிற வீட்டில் விறகுப்புகை மணக்கும். பின்னேரமே இருட்டிவிடும் நாட்களில், பூட்ஸில் ஒட்டிய பனியை யாரோ உதறுவதுபோல வாசலில் சத்தம் கேட்கும். அந்தோனி வேலையால் வந்துவிட்டான் என்று எட்டிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. விஷயம் தெரியவந்ததும் அந்தோனி குளியலறைக்கும் செபமாலையோடு போகத் தொடங்கினான். கந்தையா அண்ணைக்குத் திருநீற்றுச் செலவு கூடியது.

ஒரு ஒக்டோபர் பின்னேரம் மனோர் பார்க் முழுவதும் பனிப்புகாருக்குள் மூழ்கிவிட்டது. முன்கதவுக்கு வெளியே யாரோ பெருமூச்சு விட்டார்கள். பெரிய, ஈரமான மூச்சு. பூட்டனார் போய்க் கதவைத் திறந்தார். வாசலில் ஒரு மாடு நின்றது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பக்கத்திலுள்ள வான்ஸ்டெட் புல்வெளியில் அந்தக் காலத்தில் மாடுகளை அவிழ்த்து விட்டிருப்பார்கள். அவை நினைத்த நேரம் தெருவுக்கு வரும், ரோசாச்செடியைத் தின்னும், பஸ்ஸை மறித்து நிற்கும். பூட்டனாருக்கும் அது தெரியும். ஆனால் மாடு திரும்பிப் புகாருக்குள் நடந்ததும் அவரும் வீட்டுச் செருப்போடு அதன் பின்னால் நடந்தார்.

நானும் கந்தையா அண்ணையும் ஓடினோம். புல்வெளியில் பக்கத்தில் நிற்பவரின் முகமே தெரியவில்லை. எங்கேயோ ஒரு பக்கத்தில் பூட்டனார் டெனிஸின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபக்கத்திலிருந்து நீளமாக ஒரு குரல் பதில் கொடுத்தது. நான் கந்தையா அண்ணையின் கையைப் பிடித்தேன்.

"அது மாடடா," என்றார் கந்தையா அண்ணை. அவரும் என் கையை விடவில்லை.

ஊரில் மாடு வளர்த்த மனுஷன் ஆகையால், நாக்கை மடித்து ஒரு சத்தம் போட்டார். புகாருக்குள்ளிருந்து முதலில் மாடு வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பூட்டனார் வந்தார். முன்னால் யாரோ நடந்துபோன காலடிகள் இருந்தன, பிறகு இல்லை என்று மட்டும் சொன்னார். வீடு வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம், கத்தோலிக்கர்கள் மரித்தவர்களை நினைக்கும் நாள் வந்தது. அன்று வீடு தேடி வரும் ஆத்துமாவுக்காக மேசையில் சாப்பாடு வைத்து, யன்னலில் மெழுகுதிரி கொளுத்தி, கதவைப் பூட்டாமல் விடுவது பூட்டனாரின் ஊர் வழக்கம். அவித்த உருளைக்கிழங்கு, பொரித்த மீன், பாண், ஒரு கிளாஸ் விஸ்கி எல்லாம் வைத்துவிட்டு, அந்தோனியையும் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போனார்.

அவர்கள் திரும்பி வந்த நேரம் நானும் வேலையால் வந்தேன். தட்டு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கிளாஸ் வெறுமை. பூட்டனார் தொப்பியைக் கழற்றினார். நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். அது சூடாக இருந்தது.

"வந்திட்டான்," என்றார். அப்படியே இருந்து அழுதார்.

அந்த நேரம் பார்த்துக் கந்தையா அண்ணை மேலிருந்து இறங்கி வந்தார். அவர் மீசையில் உருளைக்கிழங்கு இருந்ததை நானும் அந்தோனியும் ஒரே நேரத்தில் கண்டோம்.

மேலே அறையில் வைத்து விசாரித்தோம். கந்தையா அண்ணையிடம் குற்றம் செய்த முகமே இல்லை. "படையல் வைச்சிருக்கு, வீட்டில ஒருத்தரும் இல்லை. படைச்சதை ஆராவது சாப்பிடாட்டில் செத்தவருக்குப் போய்ச் சேருமே? முறைப்படி, அவர் வந்து சாப்பிடட்டும் எண்டு அறைக்கதவைச் சாத்திப்போட்டு வெளியில நிண்டு, பிறகு தட்டிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போனனான்," என்றார். சாப்பிட்ட தட்டைக் கழுவியும் வைத்திருந்தார், நல்ல மனுஷன்.

பூட்டனார் மறுநாளே சுவரில் இருந்த காட்டைக் கழற்றிச் சுருட்டிவிட்டார். டெனிஸ் வீட்டுக்கே வந்துவிட்டான், இனி எங்கே தேடுவது? மனுஷன் சீட்டியடித்தார். சனிக்கிழமைகளில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். ஒருவரும் வாயைத் திறக்க வேண்டாம், கிழவன் இந்தச் சந்தோஷத்தோடு இருக்கட்டும் என்றான் அந்தோனி. எனக்கும் அது சரியாகவே பட்டது.

கந்தையா அண்ணைக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவரும் பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டு வந்தவர். "ஒருத்தன் பனிக்குள்ள கிடக்கிறான். அவனைத் தேடின ஒரே ஆளையும் நான் நிப்பாட்டிப்போட்டன். நாளைக்கு நான் துலைஞ்சால் என்ர பிள்ளையளையும் இப்பிடித்தான் ஏமாத்துவியளோ?" என்று கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கந்தையா அண்ணை பூட்டனாரின் முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். பூட்டனார் வரைபடம் இருந்த சுவரைப் பார்த்தார்.

"கடல் தாண்டி வந்தவன் பசியோட வந்து சாப்பிட்டிருக்கிறான். அதுக்குத்தானே கதவைத் திறந்து விட்டனான்," என்றார்.

கந்தையா அண்ணை கண்ணைத் துடைத்தார். விஸ்கி எப்படி இருந்தது என்று பூட்டனார் சும்மா கேட்டு வைத்தார்.

"விஸ்கியோ? நான் அந்தச் சாமான் தொடுறேல்லை. கதவைத் திறந்து உள்ளுக்குப் போகேக்கையே கிளாஸ் வெறுமையாத்தானே கிடந்தது."

நான் அதை மொழிபெயர்த்தேன். அந்தோனி ஏற்கெனவே செபமாலையைக் கையில் எடுத்துவிட்டான். பூட்டனாரின் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. வரைபடம் மறுபடி சுவருக்கு ஏறவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பூட்டனார் போய்ச் சேர்ந்தார். பூசையும் அடக்கமும் அவருடைய முறைப்படி நடந்தன. எட்டாம் நாள் மட்டும் எங்கள் முறை. செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைக்கும் எட்டுச் செலவு. அதற்குள் லண்டன் வந்து சேர்ந்திருந்த கந்தையா அண்ணையின் மனைவி கிழங்கு அவித்து மீன் பொரித்தார். கந்தையா அண்ணை யாரையும் கேட்காமல் முன்னறை மேசையில் இரண்டு இலை போட்டார். ஏன் இரண்டு என்று நாங்களும் கேட்கவில்லை.

முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். நான் கதவோடு ஒட்டி நின்றேன். அந்த மனுஷன்மேல் எனக்கு அவ்வளவு பட்சம். உள்ளே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. கந்தையா அண்ணை என்னைப் பார்த்தார். வழக்கப்படி கதவைத் தட்டக் கையைத் தூக்கினார்.

"பொறுங்கோ அண்ணை," என்றேன். "இப்பதானே சந்திச்சிருக்கினம். ஆறுதலாக் கதைக்கட்டும்."