நான்காம் பக்கத்தில் என் அம்மாவின் கல்யாணத் தேதி

ஊரப்பாக்கம்,
14.9.2025

சிரஞ்சீவி தம்பி கலையரசனுக்கு, உன்னைவிட ஒரு மாதமும் பத்து நாளும் மூத்தவனான காசிநாதன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். சிறுசேரியில் நீயும் பெரியம்மாவும் பிள்ளைகளும் உன் கணிப்பொறியும் நலம் என்று அறிகிறேன். கணிப்பொறி நலமாக இருப்பதுதான் வருத்தம்.

அதில் உட்கார்ந்து நம் தாத்தாவின் குடும்ப வரலாற்றை நீ எழுதியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதல் பக்கத்தில் 'மூத்த பேரன் காசிநாதன்' என்று போட்டிருக்கிறாய். உண்மையை எழுதியதற்கெல்லாம் நன்றி சொல்ல முடியாது. ஆனால் நான்காம் பக்கத்தில் என் அம்மா வேண்டாவின் திருமணம் 29.10.1971 என்றும், அடுத்த வரியிலேயே என் பிறப்பு 1.6.1972 என்றும் எழுதினாயே, நடுவில் எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்தாயா? நீ எண்ணவில்லை. என் மைத்துனன் ரவிச்சந்திரன் எண்ணினான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுபது பேர் பார்க்க, "ஏழே மாசம். இன்னா மாமா, பொறக்கறதுலயுமா அவசரம்?" என்று போட்டான். அந்த நிமிடமே குழுவை விட்டு வெளியேறினேன். பதிவுத் தபாலில் எழுதுவது அதனால்தான். அடுத்த மாதம் செங்கல்பட்டு மண்டபத்தில் இந்தப் புத்தகத்தை முந்நூறு பேருக்குக் கொடுக்கப் போகிறாய். முந்நூறு பேருக்கும் விரல் இருக்கிறது.

உன் ஆதாரம் என்னவென்றால், ஓர் அண்டா. சீர் அண்டாவின் கழுத்தில் அம்மா பெயரும் அந்தத் தேதியும் வெட்டியிருக்கிறதாம். என் அம்மாவின் அண்டா உன் வீட்டுக்கு எப்படி வந்தது? 1999-இல் உன் கல்யாணத்துக்குச் சாம்பார் வைக்க வாங்கிப் போனாய். அந்தச் சாம்பார் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது போலும். என்னிடம் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையே இருக்கிறது. 27.8.1971, வெள்ளிக்கிழமை, திருவிடந்தை. ஒன்பது மாதம், ஐந்து நாள். இதைவிட மரியாதையான கணக்கு உண்டா?

சாட்சி தேடி, அந்தக் கல்யாணத்தில் படம் எடுத்த ராமதாஸைப் பார்க்க மாமல்லபுரம் வரை போனேன். பேருந்தில் கடைசிவரை நின்றேன். இறங்கியதும் செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு வெயிலில் துள்ளித் துள்ளி நடந்தவனை ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒரு வெளிநாட்டுப் பெண் படம் எடுத்துக்கொண்டாள். ராமதாஸுக்கு எண்பத்து நாலு வயது. பத்திரிகையை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எனக்குத் தெரியாது நைனா. பொண்ணு மாப்பிள்ளய கொடைக்குள்ள நிக்க வெச்சிதான் படம் புடிச்சேன். அவ்ளோ ஐப்பசி மழ" என்றார். ஆவணியிலும் மழை பெய்யும் என்றேன். காபி கூடத் தராமல் அனுப்பிவிட்டார். அதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

அம்மாவையே கேட்டால் என்ன என்பாய். ஐம்பத்து மூன்று வயது மகன் பெற்ற தாயிடம் இதை எந்த வாயால் கேட்பது? ஆகவே தேதியைத் திருத்து. திருத்தாவிட்டால் மண்டபத்துக்கு வரமாட்டேன், வந்தாலும் சாப்பிடமாட்டேன், சாப்பிட்டாலும் உன்னோடு பேசமாட்டேன்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், தகப்பனைவிட நிதானமாக வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
காசிநாதன்

பி.கு.: உறையில் போடுவதற்குள் அம்மா இதை எடுத்து முழுதும் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பத்திரிகை அடித்த பிறகு அவளுக்கு அம்மை போட்டதாம். கல்யாணத்தை ஐப்பசிக்குத் தள்ளி, வேறு பத்திரிகை அடிக்காமல் ஆள் விட்டுச் சொன்னார்களாம். அண்டாதான் சரி. அப்படியென்றால் நான் ஏழு மாதப் பிள்ளையா என்று கேட்டே விட்டேன்.

"நீ பொறந்தது ஆவணி கடைசில. கலை பள்ளிக்கூடம் போறான்னதும் நானும் அவன் கூடதான் போவேன்னு ரெண்டு நாளு சோறு துண்ணாம அழுதுகினு கெடந்தே. உனுக்கு வயசு பத்தல. வாத்தியாரு தலைக்கு மேல கைய வுட்டு அந்தாண்ட காதைத் தொடச் சொன்னாரு. உனுக்குக் கை நீளம், தொட்டுட்டே. ஜூன் ஒண்ணுன்னு எழுதிக்கினாரு."

எனவே கல்யாணத் தேதியைத் தொடாதே. என் பிறந்த தேதியை மாற்று. மூத்த பேரன் இனி நீதான். நீங்கள்தான். அண்ணா என்று கூப்பிட வாய் வரவில்லை. மண்டபத்துக்கு வருகிறேன், அங்கே முயன்று பார்க்கிறேன்.